கம்பி கட்டியும் ஏறாத பீன்ஸ்

பல்லுக்காரர் வீடு எது என்று அந்தத் தெருவில் கேட்டால், இன்னும் பேச வராத குழந்தைகூடக் கையை நீட்டிக் காட்டிவிடும். ஆனால் அவர் பல் மருத்துவர் அல்லர். மருத்துவர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்பினால், அதைப் பார்த்து மெழுகில் ஈறு பிடித்து, பல் பதித்து, வார்த்து, தேய்த்து, பளபளவென்று பொய்ப்பல் செட்டாகத் திருப்பி அனுப்புகிறவர். கடைத்தெருவின் பின்பக்கத்தில் ஒரே அறைதான் பட்டறை. ஒரு சன்னல், ஒரு மெழுகு அடுப்பு, மேசையில் தேய்க்கிற மோட்டார், சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டுகளில் யார் யாருடைய தாடைகளோ பிளாஸ்டரில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

"இந்த ஏரியால பாதிப் பேர் என் தயவுலதான் மெல்லுறாங்க" என்று அவ்வப்போது பெருமை பேசுவார். பேசி முடித்த கையோடு, "மீதிப் பாதி என்னாலதான் கஞ்சி குடிக்கிறாங்க" என்று தானே அதைக் கவிழ்த்தும் விடுவார். அவருக்கே கடைவாயில் ஒரு பல் கிடையாது. கட்டிக்கொள்ள நேரமில்லை என்பது வெளியே சொல்லும் காரணம். உண்மைக் காரணம் பயம். வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்வது அவரைப் பொறுத்தவரை அடுத்தவர்கள் செய்ய வேண்டிய காரியம்.

இவருக்கு ஒரு வியாதி உண்டு. கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு கேட் லேசாகக் கிறீச்சிட்டது. யாரும் இவரைக் கூப்பிடவில்லை. தானாகப் போய்த் தாழ்ப்பாளைக் கழற்றி, தேய்த்து, திரும்பப் பொருத்திவிட்டு வந்தார். கிறீச் சத்தம் நின்றது. கேட் திறப்பதும் நின்றது. மறுநாள் அந்த வீட்டு அம்மாள் சுவரேறிக் குதித்துத்தான் வேலைக்குப் போனார். பல்லுக்காரரின் மனைவி தையல் பள்ளியில் ஆசிரியை. ஒரு விடுமுறை நாளில், "லேசா எண்ணெய் மட்டும் விடுறேன்" என்று மனைவியின் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அந்த மெஷின் முன்பக்கம் தைப்பதை மறந்து பின்பக்கமாக மட்டும் தைத்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை மனைவி அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இப்படிப்பட்ட கையில்தான் அந்த விதைகள் வந்து விழுந்தன.

மனைவிக்கு ஒரே ஒரு அக்கா. பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். பல்லுக்காரர் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடும்போது கை தானாகச் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கும். அக்கா தங்கை இருவருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. அம்மா இறந்த வீட்டு வாசலில் ஏதோ ஒரு சொல் விழுந்தது, அதோடு சரி. என்ன சொல் என்று அவர் மனைவியிடம் ஒரே ஒரு முறை கேட்டார். அன்று ராத்திரி சாப்பாடு அப்படியே மூடிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பேச்சுத்தான் இல்லையே தவிர, விசாரிப்புக்குக் குறைவில்லை. அண்ணி பட்டறைக்கு ஃபோன் செய்வார். "மாப்பிள்ளை, அவளுக்குச் சளி விட்டுதா? நான் கேட்டேன்னு சொல்லாதீங்க." வீட்டில் மனைவி, "அக்காவுக்கு முட்டி வலி எப்படி இருக்காம்? நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்பாள். இருவருக்கும் நடுவில் பல்லுக்காரர் தபால் பெட்டியாக நின்றார். வாயில் போட்டதை அப்படியே வைத்துக்கொள்ளும் நல்ல தபால் பெட்டி. அவர் குடும்பத்துக்குச் செய்த சேவைகளில் சேதாரம் இல்லாமல் நடந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் அண்ணியின் குரல் வழக்கம்போல் இல்லை.

"மாப்பிள்ளை, வீட்டைக் காலி பண்றேன். பையன்கூடப் போறேன், ரெண்டாவது மாடி. பால்கனில ஆள் நிக்கவே இடமில்ல, செடி எங்க வைக்கிறது? அம்மா தோட்டத்து பீன்ஸ் விதை என்கிட்டதான் இருந்துச்சு. அவங்க போனதுக்கப்புறமும் நான் ஊன்றி ஊன்றி எடுத்து வச்சேன். முட்டி போனதுல இருந்து ஊன்ற முடியல, பழைய விதையாத்தான் இருக்கு. எல்லாத்தையும் அனுப்பிட்டேன். அவகிட்ட குடுங்க."

"சரி அண்ணி."

"ஊன்றச் சொல்லுங்க. காய்ச்சா... காய்ச்சா, வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறேன்."

அன்று சாயந்திரம் மாத்திரை டப்பா ஒன்றில் ஒரு கைப்பிடி விதை வந்து சேர்ந்தது. மனைவி அதை உள்ளங்கையில் கொட்டி விரலால் பரப்பிப் பார்த்தாள். வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு நிறம். விதையின் கண்ணைச் சுற்றி மட்டும் தேநீர் சிந்தினாற்போல் கறை. தொழில்முறையில் பார்த்தால், காலமெல்லாம் டீ குடித்த பல்லின் நிறம் என்று பல்லுக்காரர் மனதுக்குள் குறித்துக்கொண்டார். மனைவி, "அக்கா வர்றேன்னு சொன்னாளா? அவ வாயாலயே சொன்னாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்றார். ஐந்தாவது ஆமாமுக்கு அவள் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே பின்கட்டில் சுவரோரம் இருந்த மண்ணைக் கொத்தி, உரம் போட்டுப் பதப்படுத்தினாள். மொட்டைமாடிக் கைப்பிடியிலிருந்து வரிசையாகக் கயிறுகளைத் தொங்கவிட்டுக் கீழே முளையடித்துக் கட்டினாள். "இது மாடி வரைக்கும் ஏறும்ங்க. சின்ன வயசுல நானும் அக்காவும் ஏணி போட்டுத்தான் பறிப்போம். நான் ஏறுவேன், அவ ஏணியப் பிடிச்சுப்பா" என்றாள். குளிர்காலம் இன்னும் முழுசாகப் போகவில்லை. விதை முளைக்கக் கதகதப்பு வேண்டும். அதற்குத் தோதான இடம் பட்டறையில் மெழுகு அடுப்பின் பக்கம்தான். வேறு வழி இல்லாமல் மனைவி விதைகளை ஈரத்துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்துக் கணவர் கையில் கொடுத்தாள்.

"துணி காய்ஞ்சா ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிங்க. அவ்வளவுதான். வேற எதுவும் பண்ணாதீங்க."

"நான் என்ன பண்ணப்போறேன்?"

"அதான் எனக்கும் தெரியல. அதான் பயமா இருக்கு."

முதல் நாள் அவர் நன்றாகத்தான் இருந்தார். மூடியை மட்டும் திறந்து திறந்து பார்த்தார். அடுத்த நாள் துணியையும் விரித்துப் பார்த்தார். விதைகள் ஊறவே இல்லை. போட்டது போட்டபடி கல்லுக் கல்லாகக் கிடந்தன. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கெட்டித் தோல் உள்ள பழைய விதையை லேசாகக் கீறிவிட்டால் தண்ணீர் சுலபமாக உள்ளே போகும் என்று எங்கோ படித்திருந்தார். படித்தது உண்மைதான். எந்தப் பக்கம் கீற வேண்டும் என்பது அடுத்த வரியில் இருந்திருக்கும். அங்கே போவதற்குள் அவருடைய கை அரிக்க ஆரம்பித்திருக்கும்.

மேசையில் மோட்டார் இருந்தது. பல்லின் இடுக்கைச் செதுக்குகிற, இருப்பதிலேயே மெல்லிய முள்ளை அதில் மாட்டினார். விதையை இடுக்கியில் பிடித்தார். எங்கே துளைப்பது? முளை கண்ணோரமாகத்தான் வெளியே வரும். அப்படியானால் கதவை அங்கேதானே திறந்துவிட வேண்டும்? தன் அறிவைத் தானே மெச்சிக்கொண்டு கண்ணில் வைத்து ஒரு சுற்று சுற்றினார். கதவுக்குப் பின்னாலேயே ஆள் நின்றுகொண்டிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு விதையோடு நிறுத்தியிருந்தால் மற்றவை பிழைத்திருக்கும். ஆனால் வேலை அவ்வளவு சுத்தமாக வந்தது. ஒரே அளவு, ஒரே ஆழம், விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. கைப்பிடி விதையும் தீர்ந்த பிறகுதான் மோட்டாரை அணைத்தார். அணைத்துவிட்டு விசிலடித்ததாகக்கூட ஞாபகம்.

சில நாள் கழித்துப் பட்டறையில் ஒரு வாடை வந்தது. ரிப்பேருக்கு வந்திருந்த பெரியவர் ஒருவரின் பல்செட் மேல் சந்தேகப்பட்டு, அதைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். வாடை போகவில்லை. பெரியவரின் சுகாதாரத்தைப் பற்றி மனதுக்குள் நாலு வார்த்தை திட்டினார். கடைசியில் டிபன் டப்பாவைத் திறந்தபோது பெரியவர் நிரபராதி என்று தெரிந்தது. விரலால் தொட்டால் விதை கொழகொழவென்று நசுங்கியது. ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தார். தப்பியது ஒன்றுகூட இல்லை.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். 'எல்லாத்தையும் அனுப்பிட்டேன்' என்று அண்ணி சொன்னது காதில் கேட்டது. 'அவ வாயாலயே சொன்னாளா?' என்று மனைவி கேட்டதும் ஒலித்தது. தாடைகள் எல்லாம் தட்டிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. 'ஏண்டா பல்லுக்காரா, உன் கையக் கட்டி வச்சு அடிக்க ஒரு ஆள் இல்லாமப் போச்சே' என்று சொல்லிக்கொண்டார்.

நேரே வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பொய்ப்பல்லில் பிழைப்பு நடத்துகிறவருக்குப் புத்தி வேறெங்கே போகும்? ஒரு பல் போனால் அதே நிறத்தில், அதே வடிவத்தில் இன்னொன்றை வைத்து ஊரையே நம்பவைக்கிறவர் அவர். பல்லின் நிறம் பார்க்க அவரிடம் ஒரு பட்டை உண்டு. விசிறிபோல் விரியும், ஒவ்வோர் இதழின் நுனியிலும் ஒவ்வொரு நிறத்தில் ஒரு பொய்ப்பல். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விதைக்கடைக்குப் போனார்.

கடை அம்மா, "என்ன ரகம் வேணும்?" என்றார்.

பல்லுக்காரர் பட்டையை விரித்து, ஓர் இதழைக் காட்டினார். "இந்த நிறம்."

"நிறத்தப் பாத்தா விதை வாங்குவாங்க?"

"நான் அப்படித்தான் வாங்குவேன். நீங்க மூட்டையத் திறங்கம்மா, மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அந்த அம்மா ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வேறு ஏதோ கேட்க வாயெடுத்து, நமக்கென்ன என்று மூட்டைகளைத் திறந்துவிட்டார். பல்லுக்காரர் குனிந்து, பட்டையை ஒவ்வொரு விதையின் பக்கத்திலும் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினார். நிறம் அச்சு அசல். கண்ணைச் சுற்றித் தேநீர்க் கறைகூட இருந்தது. பெற்ற தாய் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார். நினைத்த பிறகு, எந்தத் தாயின் விதை அது என்பது ஞாபகம் வந்து, முகம் சுருங்கி வெளியே வந்தார்.

புதிய விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, இந்த முறை பட்டறைக்குள் இருக்கும்போதெல்லாம் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டார். அவை சட்டென்று முளைத்தன. வெள்ளை வெளேரென்று வால்விட்ட விதைகளைப் பார்த்ததும் மனைவி ஒரு குழந்தையைப்போலக் கைகொட்டினாள். "பரவாயில்லையே! தொடாம இருந்திருக்கீங்களே!" என்று அவரை மெச்சினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்ட பாராட்டுகளில் இதுதான் பெரியது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

அவள் ஒவ்வொரு கயிற்றின் அடியிலும் ஒவ்வொரு விதையாக, வால் கீழே போகும்படி ஊன்றினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து ஃபோனை எடுத்தாள்.

"அக்கா... முளைச்சிடுச்சுக்கா."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு செடிக்கு ஒன்று நடந்தால் ஃபோன் ஒன்று போயிற்று. மண் வெடித்தது, ஃபோன். பருப்பு இரண்டாகப் பிரிந்தது, ஃபோன். முதல் இலை வந்தது, ஃபோன். பேச்சு செடியில் ஆரம்பித்து முட்டி வலிக்குப் போய், அங்கிருந்து அண்ணியின் மருமகளுக்குப் போய், ஒருமணி நேரத்துக்குக் குறையாமல் நீண்டது. பல்லுக்காரருக்குத் தபால் பெட்டி உத்தியோகம் போயிற்று. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எதன்மேல் நிற்கிறது என்று நினைத்தால் பயம் வந்தது.

பயம் வீண்போகவில்லை. செடிகள் ஏறவில்லை.

கொடி என்றால் கொஞ்ச நாளில் நுனி நீளும், காற்றில் துழாவும், கயிற்றைக் கண்டால் சுற்றிக்கொள்ளும். இவை அந்த மாதிரி எந்த முயற்சியும் செய்யவில்லை. முழங்கால் உயரம் வந்தன. வந்த இடத்திலேயே பக்கவாட்டில் புஸ்ஸென்று அடர்ந்துகொண்டன. மேலே கயிறுகள் மாடி வரை வெறுமையாகத் தொங்கின. கொடி பீன்ஸ், செடி பீன்ஸ் என்று இரண்டு சாதி இருப்பதும், இரண்டின் விதையும் ஒரே மாதிரி இருக்கும் என்பதும், கடை அம்மா கேட்க வாயெடுத்தது அதைத்தான் என்பதும் பல்லுக்காரருக்கு அப்போதுதான் மெல்லப் புரிந்தது. நிறத்தில் குறை இல்லை. வடிவத்தில் குறை இல்லை. உயரத்துக்குத்தான் அவரிடம் பட்டை இல்லை.

மனைவி வேலைக்குப் போனதும் செடிகளிடம் போய் உட்கார்ந்தார். "கொஞ்சம் எம்பினா என்ன?" என்று கெஞ்சினார். கெஞ்சி நடக்காததைக் கம்பியால் நடத்தப் பார்த்தார். பல்செட்டைப் பக்கத்துப் பல்லோடு பிடித்து நிறுத்துகிற மெல்லிய எஃகுக் கம்பி பட்டறையில் நிறைய இருந்தது. அதைக் கொண்டுவந்து செடியின் கழுத்தில் கொக்கிபோல் வளைத்துப் போட்டு, தூக்கிக் கயிற்றோடு மாட்டினார். விட்டதும் செடி தொப்பென்று பழைய இடத்துக்கே வந்தது. இரண்டு கொக்கி போட்டார். வேர்தான் மண்ணைவிட்டு எட்டிப் பார்த்தது.

சாயந்திரம் மனைவி குனிந்து பார்த்தாள். "கம்பி எதுக்கு?"

"ஒரு சப்போர்ட்டுக்கு."

"ம்."

"இந்தத் தடவை வெயில் பத்தலைன்னு நினைக்கிறேன். அதான் கொஞ்சம் குட்டையா..."

"ம்."

அவள் திட்டி அவர் எத்தனையோ கேட்டிருக்கிறார். இந்த 'ம்'மை அவரால் தாங்கமுடியவில்லை. இருந்தாலும் அன்று ராத்திரியும் அவள் அக்காவுக்கு ஃபோன் செய்து, "நல்லா வருதுக்கா" என்றுதான் சொன்னாள். நம்பிவிட்டாள் என்று பல்லுக்காரர் பெருமூச்சு விட்டார்.

பூத்தது. பிஞ்சு விட்டது. குட்டைச் செடிகள் கொஞ்சமும் வெட்கமில்லாமல் கொத்துக் கொத்தாகக் காய்த்தன. ஞாயிற்றுக்கிழமை வருவதாக அண்ணி சொல்லிவிட்டார். சனிக்கிழமை முழுவதும் பல்லுக்காரர் தப்பிக்க வழி தேடினார். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு நத்தை தின்றுவிட்டது என்று சொல்லலாமா? நத்தை எப்போது வேரோடு பிடுங்கிச் சாப்பிட்டது என்று தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்து, தானே தோற்று, அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

அண்ணி வந்தார். கையில் ஒரு பை, முட்டியில் ஒரு பட்டி. வாசலில் அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஃபோனில் அவ்வளவு பேசியவர்கள், நேரில் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள். "அஞ்சு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும். அதுக்கப்புறம் இன்னிக்கு பஸ் இல்ல" என்று அண்ணி யாரும் கேட்காமலே சொன்னார். தண்ணீர் குடித்தார். பிறகு, "எங்க, காட்டு" என்று எழுந்து பின்கட்டுக்கு நடந்தார்.

முதலில் அவர் பார்வை மேலேதான் போனது. மாடியிலிருந்து கயிற்றோடு இறங்கி இறங்கி, முழங்காலுக்கு வந்து நின்றது.

"நம்ம பீன்ஸ் எங்க?"

"இதுதான்க்கா" என்றாள் மனைவி, அவசர அவசரமாக. "வெயில் பத்தல. அதான் கொஞ்சம் குட்டையாப் போச்சு."

பொய் சொல்லத் தெரியாதவள் அவள். சொல்லும்போது காது இரண்டும் சிவந்துவிட்டன. அதைப் பார்த்த பிறகு பல்லுக்காரரால் நிற்க முடியவில்லை. "இல்ல அண்ணி, நான்தான்" என்று ஆரம்பித்தவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மோட்டார், கண்ணில் போட்ட துளை, அழுகல், பெரியவரின் பல்செட், விதைக்கடை, நிறம் பார்த்த பட்டை, கம்பி, ஒன்றுவிடாமல்.

"செடிக்குக் கம்பி கட்டினீங்களா?" என்றார் அண்ணி. உதட்டோரம் ஒரு கணம் துடித்தது, சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. கோபம்தான். "ஒரு விதை, ஒரே ஒரு விதை விட்டுவைக்கக் கூடாதா? என்கிட்ட ஒண்ணுகூட இல்லையே! நீங்கள்லாம் மனுஷனா? உங்களை நம்பி..."

"அக்கா, போதும்" என்றாள் மனைவி. "என் வீட்டுக்காரரைத் திட்டணும்னா நான் திட்டிக்கிறேன். கொடி வீசாம நின்னப்பவே எனக்குத் தெரியும், இது நம்ம விதை இல்லைன்னு."

பல்லுக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தார்.

"தெரிஞ்சுமா தினம் ஃபோன் பண்ணி நல்லா வருதுன்னே?"

"சொல்லிட்டா அப்புறம் எதைச் சொல்லி உனக்கு ஃபோன் பண்றது?" அவள் குரல் உடைந்தது. "நீதான் என்கிட்ட பேசவே மாட்டியே. அம்மாவைப் பாக்க அலறியடிச்சுக்கிட்டு வந்தா, வாசல்லயே நிறுத்தி, இப்பதான் வழி தெரிஞ்சுதான்னு கேட்டியே. எனக்கு லீவு குடுக்கலக்கா. நான் வேணும்னா வராம இருந்தேன்?"

ஆக அந்தச் சொல் இதுதான் என்று பல்லுக்காரருக்கு இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தது. அண்ணி முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுவரோரத் திண்டில் உட்கார்ந்தார். குட்டைச் செடி ஒன்றின் இலையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பேசியபோது அது வார்டன் குரலாக இல்லை.

"கடைசில அம்மாவுக்கு ஆள் அடையாளம் தெரியல. ஊட்டினது நான். கழுவித் துடைச்சது நான். ஆனா அவங்க கூப்பிட்டது உன் பேரைத்தான். என் கையப் பிடிச்சுக்கிட்டு, உன் பேரைச் சொல்லி, வந்துட்டியான்னு கேப்பாங்க. நானும் 'வந்துட்டேம்மா'ன்னு சொல்வேன். தினம் சொல்வேன். நீயா இருந்துதான்டி அவங்களை அனுப்பி வச்சேன்." கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "அந்த ஆத்திரத்துல வாசல்ல உன்னைப் பாத்ததும் வாய்ல அப்படி வந்துடுச்சு. இத்தனை வருஷமாச் சொல்லணும்னு நினைக்கிறேன். சும்மா எப்படி வந்து நிக்கிறது? அதான் விதையக் குடுத்தேன். காய்ச்சா அந்தச் சாக்குல வரலாம், சாப்பிட்டுக்கிட்டே சொல்லிடலாம்னு."

மனைவி மண்ணிலேயே உட்கார்ந்து அக்காவின் வலிக்காத முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணியின் கை அவள் தலைமேல் வந்து நின்றது.

பல்லுக்காரர் அங்கே அதிகப்படியான ஆளாக நின்றார். தண்ணீர் கொண்டு வரலாமா என்று தோன்றியது. ஏதாவது ஆறுதல் சொல்லலாமா என்று தோன்றியது. அந்தக் கம்பியையாவது கழற்றிவிடலாமா என்று கை பரபரத்தது. எதையும் செய்யாமல் ஓசைப்படாமல் உள்ளே வந்து, சமையலறை வாசல்படியில் உட்கார்ந்தார்.

பின்கட்டில் அழுகை அடங்கிப் பேச்சு தொடங்கியது. பேச்சு சண்டையானது. அந்த பீன்ஸ் இனிக்கும் என்றாள் தங்கை. இனிக்காது, நார் நாராக இருக்கும், அம்மாவுக்காகத்தான் எல்லாரும் தின்றோம் என்றார் அக்கா. விட்டுக்கொடுக்க இருவரும் தயாராக இல்லை. இனி ருசி பார்த்து யார் சொன்னது சரி என்று முடிவு செய்ய உலகத்தில் ஒரு காய் இல்லை, அதற்குக் காரணம் தான்தான் என்பது பல்லுக்காரருக்கு உறைத்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு சிரிப்பு வந்தது. நடுவில் 'கம்பி' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. பஸ் நிறுத்தம் தெருமுனையில். முட்டி வலியோடு நடக்கிறவர் இப்போதே கிளம்ப வேண்டும். எழுந்துபோய், "அண்ணி, நேரமாச்சு" என்று சொல்ல வேண்டியது வீட்டு ஆண்பிள்ளையின் பொறுப்பு. எந்த வீட்டில் எது நின்றாலும் போய்த் தட்டி ஓட்டிவிடுகிறவர் அவர். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

தெருமுனையில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒரு முறை ஹாரன் அடித்தது. பின்கட்டில் இருவர் காதிலும் அது விழவில்லை. பல்லுக்காரர் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, பஸ் கிளம்பிச் சத்தம் தேய்ந்து மறையும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். தன் ஆயுளில் தான் உருப்படியாகச் செய்த முதல் வேலை இதுதான் என்று அவருக்குத் தோன்றியது.